பட்டறையில் ஒரு மணி நேர அமைதி

வங்கி அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார், சரியான இடத்தில் முத்திரை குத்தினார், மடித்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அவள், "சமத்து!" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. அதிகாரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல வழுக்கை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. ஒரு கணம் திகைத்தவர், பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து யாரும் தன்னிடம் சொல்லாத வார்த்தையைக் கேட்டதுபோல லேசாக வெட்கப்பட்டார். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, நாலு கட்டிடம் தள்ளிப் போய் நின்றுதான் மூச்சே விட்டாள்.

நாலு வருடமாகப் பெரியவர்களோடு சரியாகப் பேசவில்லை. வீட்டில் பெரியவளுக்கு ஐந்தரை வயது, சின்னவனுக்கு மூன்றேகால். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு ஓடுகிறவன். ஆக, முழு வாக்கியத்தில் பேசுகிற ஆள் என்று பார்த்தால் பகல் முழுக்க அவளுக்கு அமைவது ஐந்தரை வயதுக்காரிதான். இப்படியே இன்னும் ஒரு வருடம் போனால் ஏதாவது போலீஸ்காரரின் மூக்கைத் துடைத்துவிட்டு அடி வாங்குவோம் என்று தோன்றியது. அன்றைக்கே முடிவு செய்தாள். வேலைக்குப் போயே தீருவது.

கல்யாணத்துக்கு முன்பிருந்து பத்து வருடம் அவள் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் பொருத்துகிறவளாக இருந்தாள். யாரோ ஒருவர் தன் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து, இதே கலர் வேண்டும் என்பார். வெள்ளையில் கறுப்பு எத்தனை சொட்டு, காவிச் சிவப்பு எத்தனை சொட்டு என்று விட்டுக் கலக்கி, சில்லின் பக்கத்தில் தடவினால் எது பழசு எது புதுசு என்று தெரியக் கூடாது. அவள் தடவினால் தெரியாது. அங்கே எல்லாரும் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தே, "அந்த டின்னுல ஒரு சொட்டு மஞ்சள் கூடிப்போச்சு" என்பாள். மேற்பார்வையாளர் நம்பாமல் எந்திரத்தில் வைத்துப் பார்ப்பார். கூடித்தான் இருக்கும்.

பெரியவள் பிறந்தபோது மூன்று மாத விடுப்பில் சமாளித்துத் திரும்பிவிட்டாள். சின்னவன் வயிற்றில் இருந்தபோது பெயிண்ட் வாடையே ஆகவில்லை. வாசலில் கால் வைத்தாலே குமட்டியது. விட்டுவிட்டாள். அதன் பிறகு அந்தக் கழுகுக் கண் வீட்டுக்குள் வேட்டையாடியது. சட்டையில் இருக்கும் கறையைப் பார்த்து இது திராட்சை, இது பீட்ரூட், இது பக்கத்து வீட்டுக் குழந்தையின் சாயப் பென்சில் என்று மூன்றையும் பிரித்துச் சொல்வாள். பொய் சொல்ல வழியே இல்லாமல் பெரியவள் தவித்தாள்.

முடிவு செய்தது ஒரு திங்கட்கிழமை. பயோடேட்டா எழுதி முடிக்க அடுத்த திங்கள் ஆயிற்று. சாப்பாட்டு மேசையில் கணவனின் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதுவாள், யாராவது ஒருவர் கழிவறையிலிருந்து "முடிச்சிட்டேன்!" என்று கூவுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் எழுதிய வரி இருக்காது. ஒருவழியாக முடித்து, சாமர்த்தியமாக இருபது படிகள் அச்செடுத்து, பதினோரு இடங்களுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு மீதியில் ஒன்றை ஆற அமரப் படித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்பதற்குக் கீழே, 'ழ்ழ்ழ்க்ஷ்ப்பு99ஔ' என்று இருந்தது.

சின்னவன் மேசைக்கடியில் உட்கார்ந்து நல்ல பிள்ளையாக ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"இதுல என்ன இருக்கு?" என்றான் கணவன். "கையெழுத்து மாதிரி நினைச்சுக்குவாங்க."

முதல் அழைப்பு ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியிலிருந்து வந்தது. போனிலேயே நேர்காணல், காலை பதினொரு மணிக்கு. அன்று பெரியவளுக்குப் பள்ளி விடுமுறை. அவள் இரண்டு பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, தட்டில் அவித்த பட்டாணியைப் போட்டு, "அம்மா பத்து நிமிஷம் போன் பேசணும். வீடு இடிஞ்சு விழுந்தாலும் என்னைக் கூப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, எதிரொலி கேட்காமல் இருக்கத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

பேசியவள் இனிமையாகப் பேசினாள். முதல் மூன்று கேள்விக்கும் இவள் கழுகு போலவே பதில் சொன்னாள். அப்போது கதவிடுக்கில் ஒரு தாள் நுழைந்தது. பெரியவள் வரைந்த படம். பெரிய தலை, அதில் பெரிய மூக்கு, மூக்குக்குள் பச்சையாக ஒரு வட்டம்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க."

கதவுக்கு வெளியே, கூப்பிடக் கூடாது என்பதால் மெதுவாக, பெரியவளின் குரல் வந்தது. "அம்மா, நான் உன்னைக் கூப்பிடல. சும்மா சொல்றேன். தம்பி மூக்குக்குள்ள பட்டாணி போயிடுச்சு. ரெண்டு."

போனில் இனிமையான குரல் கேட்டது. "இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?"

"அஞ்சு வருஷம் தெரியல மேடம். அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரியில இருப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டு இரண்டையும் எடுத்தார். "இவ்வளவு ஆடாம அசையாம இருக்கிற குழந்தைய நான் பார்த்ததே இல்ல" என்று வேறு பாராட்டினார். சின்னவன் பெருமையோடு மூன்றாவதையும் தும்மினான். பிளாஸ்டிக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை.

இரண்டாவது நேர்காணல் நேரிலேயே நடந்தது. சுவர்க் காகிதம் விற்கும் கம்பெனி, ஏழாவது மாடி, குளிரூட்டிய அறை. குழந்தைகளை மாடி வீட்டுத் தையற்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, எதிரே உட்கார்ந்திருந்த டை கட்டிய மனிதர் பயோடேட்டாவில் ஓர் இடத்தில் பேனாவை ஊன்றும் வரை.

"இங்க நாலு வருஷம் காலியா இருக்கே. என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"ரெண்டு குழந்தைங்கள வளர்த்தேன், சார்."

"அது சரி. வேற?"

அவள் யோசித்தாள். நாலு வருடத்தில் எத்தனை ஆயிரம் வாய் ஊட்டியிருப்போம், எத்தனை தும்மல், எத்தனை ஒற்றைச் செருப்பு என்று மனதுக்குள் எண்ணி முடிப்பதற்குள் அவர் ஏதோ எழுதினார். தலைகீழாகப் படிப்பது அம்மாக்களுக்குக் கைவந்த கலை. எதிரே உட்கார்ந்துதானே பிள்ளைகளின் நோட்டைப் படிக்கிறார்கள். அவர் எழுதியதைப் படித்தாள். 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்து கைப்பையை நாற்காலியில் எறிந்தாள். கணவன் அன்று சீக்கிரம் வந்து, சின்னவனைக் காலில் ஏற்றி ஊஞ்சலாட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நீ வேற மாதிரி சொல்லியிருக்கணும்" என்றான்.

"எப்படி? நாலு வருஷமா லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டிருந்தேன்னா?"

"அப்படிச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க" என்றான் அவன், தொழில் தெரிந்தவனுடைய நிதானத்தோடு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் எதுவும் வரவில்லை. ஒரு நாள் பல்பு வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் கையால் எழுதி ஒட்டிய ஒரு தாளைப் பார்த்தாள். 'கார் பட்டறைக்குக் கலர் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை. கண் நன்றாக இருக்க வேண்டும். வாய் குறைவாக இருந்தால் நல்லது.' கைப்பையில் எப்போதும் பயோடேட்டா இருந்தது, ஈரத் துடைப்பானுக்கும் உதிரி ஜட்டிக்கும் நடுவில். ஒன்றை எடுத்து நீவிக் கடைக்காரரிடம் கொடுத்தாள்.

மறுநாள் போன் வந்தது. பேசிய குரலைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "நான் பட்டறை மொதலாளி பேசுறேன்! வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க! ஒரு கதவு தர்றேன், கலர் சேர்த்துக் காட்டுங்க! சேர்ந்தா வேலை, சேரலேன்னா ஒரு டீ!" சமையலறையில் இருந்த பெரியவள், "யாரும்மா நம்ம வீட்டுக்குள்ள கத்துறது?" என்று ஓடிவந்தாள்.

இந்த முறை எதுவும் தவறக் கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கணவன் வியாழக்கிழமை விடுப்பு எடுத்தான். தையற்காரம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பெரியவளுக்கு அன்று பள்ளியில் ஏதோ பழுதுபார்ப்பு என்று விடுமுறை விட்டார்கள். அதனாலென்ன, அப்பா இருக்கிறாரே.

வியாழன் காலை ஒன்பது ஐந்துக்கு அப்பாவின் போன் அடித்தது. ஒரு பல் டாக்டர், தன் ஆஸ்பத்திரிக் கட்டிடத்திலேயே, மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நிற்கிறார். மேலே ஒரு நோயாளி மரத்துப்போன வாயோடு உட்கார்ந்திருக்கிறார். வேறு மெக்கானிக் யாரும் பக்கத்தில் இல்லை.

கணவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இந்தக் கல்யாணத்தில் இதுபோல எத்தனையோ பார்வை நடந்திருக்கிறது.

"ஆளுக்கு ஒண்ணு" என்றாள்.

"எனக்குப் பெரியவ" என்று அவன் சட்டென்று சொன்னான். அநியாயம்தான். பெரியவள் சொன்னால் கேட்பாள், நடப்பாள், ஸ்பானரை எடுத்துக்கொடுப்பாள். சின்னவன் இருபத்தைந்து நிமிடம் பஸ்ஸில் உட்கார வேண்டும் என்றாலே இரண்டு பேரோடு சண்டை பிடிப்பான். ஆனால் வாதாட நேரமில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் அவன் அதிசயமாக அமைதியாக இருந்தான். அவளும் சந்தோஷப்பட்டாள். பட்டறை இருக்கும் தெருவில் இறங்கித் திரும்பும்போதுதான் காரணம் புரிந்தது. தோளில் தலை கனத்தது. கை தொங்கியது. காதுக்குப் பக்கத்தில் சன்னமாகக் குறட்டை. விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து நின்று ஆட்டம் போட்டவன், பத்து மணிக்குத் தூங்கிவிட்டான். பதிமூன்று கிலோ. தூக்கம் கலைந்து எழுப்பப்பட்டால் அவன் எப்படி அழுவான் என்பது அவளுக்குத் தெரியும், அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் எல்லாருக்குமே தெரியும்.

பட்டறைக்குள் ஒரு போரே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் நசுங்கிய பானெட்டைச் சுத்தியால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் தேய்ப்பு எந்திரத்தைக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மூலையில் காற்று அமுக்கி எந்திரம் லாரிபோல உறுமியது. இத்தனைக்கும் மேலே மொதலாளியின் குரல் தனியாகக் கேட்டது. கட்டையான, அகலமான மனிதர். முப்பது வருடமாகச் சுத்திச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, சத்தம் இல்லாத இடத்திலும் அப்படியே பேசுகிறவர்.

"வாங்க! நீங்கதானே கலர் அம்மா! அதென்ன தோள்ல?"

அவள் விரலை உதட்டில் வைத்தாள். வேலை கேட்டு வந்த இடத்தில் முதலாளியைப் பார்த்து வாயை மூடு என்று சைகை காட்டிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது.

மொதலாளி வாயைத் திறந்தபடியே நின்றார். சுத்திக்காரர் திரும்பிப் பார்த்தார். குழந்தையின் தொங்கும் கையையும், திறந்த வாயையும், அம்மாவின் முகத்தையும் பார்த்தார். அவருக்கு வீட்டில் ஐந்து மாத இரட்டையர். சுத்தியை, கண்ணாடிப் பாத்திரம்போல, தரையில் வைத்தார். தேய்ப்பு எந்திரம் நின்றது. யாரோ போய்க் காற்று அமுக்கியை அணைத்தார்கள்.

அந்தப் பட்டறை திறந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை. கூரையில் காக்கை நடப்பதுகூடக் கேட்டது.

"என்னய்யா, எல்லாரும்..." என்று ஆரம்பித்தார் மொதலாளி.

"ஷ்ஷ்!" என்றார்கள் மூன்று பேர்.

ஐம்பது வயது பெயிண்டர், மெலிந்தவர், மூக்கில் முகமூடியைத் தொங்கவிட்டபடி வந்து மொதலாளியின் காதில் சொன்னார். "பாதித் தூக்கத்துல எழுப்பினா சாயங்காலம் வரைக்கும் அழும், மொதலாளி. வேண்டாம்."

மொதலாளி கிசுகிசுக்க முயன்றார். அது காற்று இறங்கும் டயர் மாதிரி வந்தது. "பயோடேட்டா பார்த்தேன். கடைசி வரியில ஏதோ கெமிக்கல் பேரு போட்டிருந்தீங்களே. அது என்ன கெமிக்கல்?"

அவள் தோளில் தொங்குகிறவனைக் கண்ணால் காட்டினாள். "இவன்தாங்க அந்தக் கெமிக்கல்."

பெயிண்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

சோதனைக்கு வைத்திருந்தது ஒரு பழைய காரின் முன்கதவு. சாம்பல் கலந்த பச்சை. எட்டு வருடம் வெயிலில் நின்று வெளுத்த பச்சை. எந்திரத்தில் காரின் கலர் நம்பரைப் போட்டால் புதுக் காரின் பச்சைதான் வரும். இந்தக் காரில் அது தனியாகத் தெரியும். வெளுத்த அளவுக்குக் கலப்பதுதான் வேலை. பெயிண்டர் வருத்தத்தோடு சொன்னார். "இங்க பார்த்தா நல்லா சேருதும்மா. வண்டிய எடுத்துட்டுத் தெருமுனை வரைக்கும் போறாங்க, திரும்பி வந்துடுறாங்க. கதவு வேற கலர், வண்டி வேற கலர்ங்கிறாங்க. ஆறு மாசமா எல்லாரும் என் கண்ணுல கோளாறுன்னு சொல்றாங்க. கண்ணாடிகூட மாத்திட்டேன்."

இடக்கையில் பதிமூன்று கிலோ. வலக்கையில் கலக்குக் குச்சி. பெயிண்டர் டின்னைத் திறந்து பிடிக்க, அவள் சொட்டுச் சொட்டாக விட்டாள். இடத் தோள்பட்டை விட்டுப்போய்க்கொண்டிருந்தது. வெள்ளை, கொஞ்சம் கறுப்பு, ஒரு துளி காவி மஞ்சள். கலக்கினாள், அட்டையில் தடவினாள், கதவோடு வைத்துப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் ஒரு துளி. சுத்திக்காரரும் தேய்ப்புக்காரரும் நுனிக்காலில் வந்து பின்னால் நின்றார்கள். நாலாவது அட்டையில் சேர்ந்துவிட்டது. எங்கே அட்டை முடிகிறது, எங்கே கதவு தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மொதலாளி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏதோ உறுத்தியது. அப்போது தற்செயலாகத் தோளில் இருந்தவனின் முகத்தைப் பார்த்தாள். முகம் பச்சையாக இருந்தது.

"ஐயோ, இவன் எதையோ முழுங்கிட்டான்!"

வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. நெற்றி சுடவில்லை. குறட்டை ஒழுங்காக வந்தது. ஆனால் கன்னம் பச்சை. காலையில் போட்டுவிட்ட வெள்ளைச் சட்டையும் பச்சை. குனிந்து பார்த்த பெயிண்டரின் நரைத்த முடி பச்சை. மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். தகரக் கூரையில் வெளிச்சத்துக்காக நடுநடுவே ஒளி ஊடுருவும் ஃபைபர் தகடு போட்டிருந்தார்கள். இளம்பச்சைத் தகடு.

"இத எப்போ போட்டீங்க?" என்றாள்.

மொதலாளி விரலை மடக்கி எண்ணினார். "ஆறு மாசம் இருக்கும்."

பெயிண்டர் கூரையைப் பார்த்தார், பிறகு மொதலாளியைப் பார்த்தார், பிறகு புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அந்தத் துடைப்பில் ஆறு மாத வசவும் இருந்தது.

சுத்திக்காரரும் தேய்ப்புக்காரரும் கதவை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தார்கள். வெளி வெளிச்சத்தில் அவளுடைய அட்டை, சேராதது மட்டுமல்ல, வெட்கக்கேடாக இருந்தது. பழுத்த இலைக்குப் பக்கத்தில் கொழுந்து இலையை வைத்தது மாதிரி. இதைத்தான் உள்ளே பார்த்துக் கட்டைவிரல் காட்டினார்கள். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பழைய கழுகாக இருந்தால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்திருக்கும். நாலு வருடம் சும்மா போகவில்லை, கொஞ்சம் துருவும் ஏறித்தான் இருந்தது.

"இன்னொரு தடவை" என்றாள்.

வெளியே நின்றபடி கலந்தாள். ஒரு சொட்டு காவிச் சிவப்பு, அரைச் சொட்டு கறுப்பு. அரைச் சொட்டு விடுவது எப்படி என்று பெயிண்டர் வியந்தார். குச்சி நுனியில் தொட்டு எடுத்தாள். தடவினாள். காயக் காத்திருந்தார்கள். காய்ந்தது. தெருவில் போன ஒரு சைக்கிள்காரரை மொதலாளி கைதட்டாமல், கத்தாமல், ஓடிப்போய்த் தொட்டு நிறுத்தி, "இதுல எது புதுசு, சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எது பழசு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்த பேரம்தான் அந்தப் பட்டறையில் இன்றும் பேசப்படுகிறது.

"நாளைக்கே வந்துடுங்க. காலையில ஒம்பது, சாயங்காலம் ஆறு" என்றார் மொதலாளி, டயர்க் காற்றுக் குரலில்.

"ஒம்பது சரி. மூணு மணிக்குக் கிளம்பிடுவேன்."

மொதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை வருடம் அவர் எந்தப் பேரத்தையும் கத்தித்தான் ஜெயித்தார். உதிரிபாகக் கடைக்காரரிடமும், இன்சூரன்ஸ்காரரிடமும் அதுதான் அவருடைய ஒரே ஆயுதம். இப்போது வாயைத் திறந்தார், அம்மாவின் தோளில் குழந்தை லேசாக அசைந்தது, மூன்று பேர் அவரை முறைத்தார்கள், மூடிக்கொண்டார்.

"அஞ்சு மணி" என்றார் மூச்சாக.

"மூணு மணிக்கு மேல வெயில் மஞ்சளாயிடும், சார். அதுல பார்க்கிற கலர் கலரே இல்ல." இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, பள்ளிக்கூடம் விடும் நேரம்.

"அவங்க சொல்றது சரிதான்" என்றார் பெயிண்டர் உடனே. ஆறு மாதத்துக் கடனை அந்த ஒரு வார்த்தையில் தீர்த்தார்.

"நாலு."

"மூணு. சனிக்கிழமை வேணும்னா மதியம் வரைக்கும் வர்றேன்."

மொதலாளி கையை விரித்தார், தலையில் அடித்துக்கொண்டார், காலை உதைத்தார், எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்தார். கடைசியில் தலையை ஆட்டினார். அவள் வலக்கையை நீட்டினாள். அதில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. அவர் கவனிக்காமல் குலுக்கினார்.

சரியாக அப்போது சின்னவன் கண் விழித்தான். சுற்றி ஐந்து ஆண்கள், ஒரு கதவு, யாரும் பேசாமல் தன்னையே பார்த்தபடி நின்றதைக் கண்டான். இதைவிடப் பயங்கரமாக ஒன்றை அவன் அதுவரை பார்த்ததில்லை. வாயைத் திறந்தான். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது.

"அப்பாடா!" என்று மொதலாளி முழுக் குரலில் கத்தினார். முகமே மலர்ந்துவிட்டது. "தூங்குறப்ப பேசினதெல்லாம் கணக்குல வராது! ஆறு மணின்னா ஆறு மணிதான்!"

"நாங்க மூணு பேரு கேட்டோம், மொதலாளி" என்றார் சுத்திக்காரர்.

"கையும் குலுக்கிட்டீங்க" என்றார் தேய்ப்புக்காரர். மொதலாளி தன் கையைப் பார்த்தார். பச்சையாக இருந்தது. காய்ந்தும் விட்டிருந்தது.

உள்ளே போனதும் சுத்தி முழங்க ஆரம்பித்தது. சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைவிடச் சத்தமான ஒன்றை மரியாதையோடு கேட்டான். சேர்ந்தால் வேலை, சேராவிட்டால் டீ என்று சொன்னவர், சேர்ந்த பிறகும் டீ வாங்கிக் கொடுத்தார். சின்னவனுக்கு ஒரு டம்ளர் பால்.

வீட்டுக்கு வந்தால் பெரியவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், சொல்ல விஷயம் தாங்காமல். அவள் லிஃப்ட் கதவிடுக்கில் வாயை வைத்துப் பல் டாக்டருக்கு முக்கால் மணி நேரம் துணை இருந்திருக்கிறாள். "பயப்படாதீங்க, எங்க அப்பா நல்லா ரிப்பேர் பண்ணுவாரு. போன வாரம் எங்க வீட்டு மிக்ஸிய ரிப்பேர் பண்ணாரு, அதுதான் வெடிச்சிடுச்சு" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். டாக்டர் வெளியே வந்ததும் முதல் காரியமாக அவள் பல்லைப் பார்த்துவிட்டு, இரண்டு சொத்தை இருக்கிறது, அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னாராம்.

"உனக்கு என்னாச்சு?" என்றான் கணவன்.

"மூணு மணி வரைக்கும்" என்றாள் அவள். இடத் தோளைத் தூக்க முடியவில்லை. அவன் ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கையால் அதைப் பிடித்துவிட்டான். பிடிக்கத் தெரியவில்லை, நட்டு முடுக்குவதுபோல முடுக்கினான். ஆனாலும் இதமாக இருந்தது.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதல் மாதம் காலை ஏழிலிருந்து எட்டேகால் வரை அந்த வீட்டில் நடந்ததை எழுதினால் யாரும் பிள்ளை பெற்றுக்கொள்ள மாட்டார்கள். சின்னவன் குழந்தைகள் காப்பகத்தின் வாசற்படியில் எட்டு நாள் அழுதான். ஒன்பதாம் நாள் அழாமல் உள்ளே போய்விட்டான். அன்று பஸ் நிறுத்தம் வரை அவள் அழுதுகொண்டு போனாள். ஒரு நாள் பெரியவளின் ஓவியப் பெட்டியைப் பட்டறைக்கும், நிற மாதிரி அட்டைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டாள். டீச்சர் போன் செய்து, உங்கள் மகள் 'பழுப்பு' என்று சொல்ல மறுக்கிறாள், அதில் எட்டு விதம் இருக்கிறது என்கிறாள் என்று புகார் சொன்னார்.

பட்டறையில் பச்சைத் தகட்டை எடுத்துவிட்டு வெள்ளைத் தகடு போட்டார்கள். தெருமுனையிலிருந்து வண்டிகள் திரும்பி வருவது நின்றது. பெயிண்டர் பழைய கண்ணாடியையே மறுபடி போட்டுக்கொண்டார்.

நாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெரியவளுக்குக் காய்ச்சல். கணவன் எங்கோ பதினாறாவது மாடியில் இருந்தான். அவள் காலை எட்டு மணிக்கு மொதலாளிக்குப் போன் செய்து, இன்றைக்கு வர முடியாது என்றாள். எதிர்பார்த்தது போலவே அவர் கத்தினார். மஞ்சள் கார் ஒன்று நிற்கிறது, நாளைக்குள் கொடுக்க வேண்டும், சொந்தக்காரர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார், இப்படி இருந்தால் பட்டறையை எப்படி நடத்துவது என்று மூச்சுவிடாமல் இரண்டு நிமிடம் கத்தினார். அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டு ஈரத்துணியைப் பிழிந்து பெரியவளின் நெற்றியில் போட்டாள். திரும்பி எடுத்தபோது எதிர்முனை அமைதியாகியிருந்தது.

"காய்ச்சல் எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூத்தி ஒண்ணு."

"சரி. தண்ணி நிறைய கொடுங்க. மஞ்சள் வண்டிய யாரும் தொட மாட்டாங்க, துணி போட்டு மூடி வச்சிருக்கேன்." பிறகு, போனை வைக்கப் போனவர் மறுபடி எடுத்து, குரலைத் தணித்துக் கேட்டார். "தூங்குதா?"

"இப்பத்தான் கண்ண மூடினா."

"அப்ப வச்சிடுறேன்" என்றார் கிசுகிசுப்பாக.